புரை

2021ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்தாள். அந்த நேரத்து அழைப்புகள் பெரும்பாலும் சாவுச் செய்தியோடுதான் வரும். ஆனால் அம்மாவின் குரலில் பதற்றம் இல்லை. “அடுப்படியில குழாயச் சுத்தி ஓட்டை விழுந்து கெடக்குல்லா, அது வழியா ஒரு கட்டுவிரியன் வந்துட்டுப் போச்சு. நீ பதறாத. விடிஞ்சதும் பேசலாம்னுதான் இருந்தேன். உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு” என்றாள்.

இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாள். டார்ச் வெளிச்சத்தில், அங்கணத்தை ஒட்டி, கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்களோடு அது நெளிந்து போவதைப் பார்த்திருக்கிறாள். வெளிச்சம் பட்டதும் அவசரமே இல்லாமல் குழாய் தரையிலிருந்து மேலெழும் இடத்திலிருந்த இடுக்கில் தலையை நுழைத்து, முழு உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டதாம். அம்மா ஒரு பழைய சேலையைச் சுருட்டி இடுக்கில் திணித்து, அதன்மேல் அம்மிக்குழவியைச் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்றரை மணிநேரம். அந்தக் கட்டிலில் அவள் படுப்பதில்லை. அப்பா போன பிறகு பட்டாசலில் கோரைப்பாய் விரித்துத் தரையில்தான் படுக்கை.

எங்கள் வீடு சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே திருவேங்கடத்தில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் திருப்பதியை நினைத்துக்கொள்ளும் வெளியூர் நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். இங்கே மலை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்தான். பருத்தியும் சோளமும் உளுந்தும் விளைகிற, மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸை நம்பிப் பிழைக்கிற ஊர். கி.ரா.வின் எழுத்தில் இந்த மண்ணைப் படித்திருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். சேலையை எடுத்துவிட்டு அந்த இடுக்கைக் குனிந்து பார்த்தேன். அரை அங்குல இரும்புக் குழாய். அதைச் சுற்றிக் காவி பூசிய சிமென்ட் தரையில், ஒருபக்கம் சுண்டுவிரலும் மறுபக்கம் கட்டைவிரலும் நுழையுமளவுக்கு இடைவெளி. பல ஆண்டுகளாக அங்கேதான் இருந்திருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போதெல்லாம் அதன் பக்கத்தில் நின்று பல் துலக்கியிருக்கிறேன். ஒருமுறைகூட அதைப் பார்த்ததாக நினைவில்லை.

கட்டுவிரியனைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் விளையாட்டாகப் பேசமாட்டார்கள். நல்லபாம்பு படமெடுத்து எச்சரிக்கும். கண்ணாடிவிரியன் சீறும். கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் உறங்குகிறவரின் உடம்போடு ஒட்டும்போது கடிக்கும். பல நேரங்களில் கடிபட்டவருக்கே தெரியாது. வீக்கமும் பெரிதாக இருக்காது. வயிற்றுவலி என்று எழுந்து உட்காருவார்கள், இமை தூக்கமுடியாமல் சரியும், பிறகு மூச்சு அடங்கும். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அடுத்த தெருவில் ஒரு தாத்தா அப்படித்தான் போனார். இரவு சாப்பிட்ட கருவாடு சேரவில்லை என்று சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அந்தப் பெரிய எண்ணை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தது அந்தச் சுக்கு வாசனைதான்.

“என்கூட வந்துரும்மா. இந்த வீட்டைப் பூட்டிப் போட்டுருவோம்” என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு ஓட்டைய அடைக்கத் தெரியாம வீட்டையே விட்டுட்டு வரச் சொல்லுதியா?” என்றாள்.

பதில் சொல்ல முடியவில்லை.

*

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். வந்து பார்த்தார்கள். பாம்பு அகப்படவில்லை. குழாய் தெருவிலிருந்து சுவருக்கடியில் பள்ளம் வெட்டிப் பதிக்கப்பட்டது. பள்ளத்தை மூடிய மண் நாளடைவில் அமுங்கி, குழாயின் மேல் ஒரு சுரங்கம்போல் ஆகிவிட்டிருந்தது. எலி அதைத் தன் வழியாக்கிக்கொண்டது. எலி போகும் வழியில் பாம்பு வரும். உள்ளே இருக்கிறதா போய்விட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அம்மா தன் வழியில் அதைக் கண்டுபிடித்தாள். உள்ளே சேலை அடைப்பை அப்படியே வைத்துவிட்டு, வெளியே முடுக்கில் குழாய் நுழைகிற வாயருகே அடுப்புச் சாம்பலைச் சலித்து மெல்லிய விரிப்பாகத் தூவி, மழைச்சாரல் படாமல் ஓர் ஓலைப்பாயைச் சரித்துவைத்தாள். மூன்றாம் நாள் காலையில் சாம்பலில் வெளிநோக்கி ஒரு வளைந்த தடம். அதன் பிறகு ஒரு வாரம் தடமே இல்லை. அப்புறம்தான் அடைக்கச் சொன்னாள். பூச்சித்தொல்லைக்கு நேர்ந்துகொண்டு சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியில் பாம்பும் தேளும் பொறித்த வெள்ளித்தகடு போடுவதும், புற்றுமண்ணைக் கொண்டுவந்து வீட்டில் வைப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அதற்கும் நேர்ந்துகொண்டாள். சாம்பலும் தூவினாள். இரண்டில் எதை நம்பினாய் என்று நான் கேட்கவில்லை.

ஓர் இளம் கொத்தனார் வந்தார். இடுக்கைக் கம்பியால் கிண்டினார். உள்ளிருந்து கன்னங்கரேலென்று கயிறும் துணியும் கலந்த ஓர் உருண்டை வந்தது. எலி கடித்துக் குதறிய அதை “குப்பை” என்று முடுக்கில் வீசினார். சிமென்ட் கலவையை இறுக்கித் திணித்து, கரண்டியால் வழவழப்பாகத் தேய்த்துக் காவியும் பூசிவிட்டார். முக்கால் மணிநேர வேலை. இவ்வளவுதானா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியோடு ஊர் திரும்பினேன்.

அந்த நிம்மதி ஏழு மாதம் நீடித்தது. வைகாசியில் அம்மா சொன்னாள்: “சிமெண்டு வளையமா விட்டுருச்சு. குழாய்க்கு அடியில ஈரமும் கசியுது.”

போய்ப் பார்த்தபோது புதிய சிமென்ட் குழாயை மோதிரம்போல் கவ்விப் பிடித்திருந்தது. அதற்கு வெளியே, பழைய தரையோடு சேருமிடத்தில், வட்டமாக ஒரு புதிய வெடிப்பு. தரை அரை விரற்கடை அளவு கீழே இறங்கியிருந்தது. குழாய் சுவரில் கிளாம்பு போட்டு முறுக்கப்பட்டிருந்ததால் அதனால் கூடவே இறங்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவிலான இழுப்பில் அடியிலிருந்த எல்போ இணைப்பு விட்டுவிட்டது. கசிந்த தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் மண்ணை ஊறவைத்து, அங்கே தரை மேலெழும்பவும் தொடங்கியிருந்தது. அடைத்ததால் நிலைமை முன்பைவிட மோசமாகியிருந்தது.

அந்த வட்ட வெடிப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தபோதுதான் சிகாகோ நினைவுக்கு வந்தது.

*

2018 டிசம்பரில் விடுமுறையையொட்டித் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய செங்கல் கட்டடம். கூடத்தில் சாளரத்தின் கீழே வார்ப்பிரும்பில் விலா எலும்புகளைப்போல அடுக்கடுக்காக ஒரு பெட்டி நின்றது. ரேடியேட்டர் என்றாள். அடித்தளத்தில் காய்ச்சிய வெந்நீர் குழாய் வழியே அதற்குள் ஏறி அறையைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். வெளியே பனி, உள்ளே கதகதப்பு. நெடுநல்வாடையில் கூதிர்காலத்து மாடத்தில் அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிற காட்சியை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். வாடை என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிந்தது அந்த ஊரில்தான். தடவு இப்போது குழாயாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தரை ஓக் மரப்பலகை. பலகையைத் துளைத்துக்கொண்டு குழாய் மேலே வரும் இடத்தில், குழாயின் காலில் கொலுசு போட்டாற்போல் ஒரு தட்டையான உலோக வளையம். ஒரு குழாயில் அந்த வளையம் கழன்று தொலைந்துபோயிருந்தது. மருமகன் உருட்டி விளையாடிய பாசிமணி ஒன்று அந்தத் துளையில் விழுந்துவிட, “மாமா, எடுத்துக் குடுங்க” என்று அழுதான். குனிந்து பார்த்தால் குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. கீழே இருட்டு. கீழ்வீட்டிலிருந்து சுண்டெலி வருவதும் அந்த வழியாகத்தான் என்றாள் தங்கை. பென்சில் பருமன் துளை இருந்தால் அதற்குப் போதும்.

கட்டடப் பராமரிப்புக்கு ஒரு முதியவர் வந்தார். இதை ஏன் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடக்கூடாது என்று தங்கை வழியாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். அந்த இடைவெளி கவனக்குறைவால் வந்ததல்ல, வேண்டுமென்றே விடப்பட்டது. இரும்புக் குழாய் சூடேறினால் நீளும். மூன்று மீட்டர் குழாய் அறுபது பாகை சூடேறினால் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளும். ஆறும்போது சுருங்கும். நாளொன்றுக்கு எத்தனை முறை கணப்பு பற்றி அணைகிறதோ அத்தனை முறை இது நடக்கும். மரமும் சும்மா இருப்பதில்லை. கோடையின் ஈரக்காற்றில் பலகை குறுக்குவாக்கில் பருக்கும். குளிர்காலத்தில் கணப்பு அறையை உலர்த்தும்போது ஒடுங்கும். ஆகவே பலகையில் குழாயைவிடப் பெரிய துளை போடவேண்டும். இறுக்கமாகப் போட்டால் இரவெல்லாம் மரம் முனகும். பசை போட்டு அடைத்தால் பசை பிளக்கும். துளையை மூடத்தான் இந்த வளையம். குழாயைக் கழற்றாமல் மாட்டுவதற்காக அது இரண்டு அரைவட்டங்களாகப் பிளந்திருக்கும், கீல் வைத்து மூடிக்கொள்ளலாம். எலிக்காக அதனடியில் உலோகநாரைத் தளர்வாகச் சுற்றிவைத்தார். வளையத்தைப் பொருத்தி, விரலால் சுழற்றிக் காட்டினார். அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இடைவெளியை மறைத்தபடி அசைவுக்கு இடங்கொடுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அது ஒரு வேடிக்கையான செய்தி. பாசிமணிகூடக் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, அடுப்படித் தரையில் குந்தியிருந்தபோதுதான் அவர் எனக்குத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் குழாய் சூடேறுவதில்லை. ஆனால் தரைக்கடியில் கிடப்பது அந்த மரத்தைவிடப் பன்மடங்கு அசைகிற கரிசல்.

*

இம்முறை ஊரின் மூத்த கொத்தனாரைத் தேடிப்போனேன். வேலையை விட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தது. கண்புரை அறுவை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். “அண்ணாச்சி, நீங்க வந்து பாத்தாப் போதும், வேலைய வேற ஆளு செய்யட்டும்” என்று கூட்டிவந்தேன். வந்தவர் நேரே அடுப்படிக்குப் போகவில்லை. முடுக்கு வழியாக வந்தவர், அங்கே செங்கல் ஓரம் மழையிலும் வெயிலிலும் கிடந்த அந்தக் கறுப்பு உருண்டையைக் கண்டு நின்றார். குனிந்து எடுத்தார். நகத்தால் பிரித்தார்.

“தம்பி, இதை யாரு எடுத்து எறிஞ்சது?”

சொன்னேன்.

“இது ஒங்க அப்பா வச்சது.”

1984இல் அந்தத் தரையைப் போட்டவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியாது. கரிசலில் நான்கடி தோண்டி எடுத்துச் சரளும் மணலும் நிரப்பித் திமிசு போட்டுத்தான் தளம் போட்டாராம். ஆனாலும் குழாய்ப் பள்ளத்தின் வழியே மழைத்தண்ணீர் அடியில் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “கரிசல் உசிருள்ள மண்ணு தம்பி. தண்ணி குடிச்சா வீங்கும், வெயில்ல வாய் பிளக்கும். அதைச் சிமெண்டு போட்டுக் கட்டிவைக்க முடியாது. குழாயச் சுத்தி ரெண்டு விரக்கடை விட்டுருங்க, தார்ல முக்குன கயித்தச் சுத்தி வைங்க, வருசம் ஒருதடவ பாருங்கன்னு சொன்னேன். ஒங்க அப்பா வருசந்தவறாமப் பாத்திருக்காரு. இந்தா பாரு.”

தென்னங்கயிறு. அதன்மேல் தார் தோய்ந்த துணி நாடாக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அடியிலிருந்த நாடாக்கள் மட்கிப் பொடிந்தன. மேலே வரவர வேட்டிக்கரையின் நிறம்கூட அங்கங்கே தெரிந்தது. புரட்டாசி கடைசியில், மழை தொடங்குமுன், அப்பா ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு, தகர டப்பாவில் தார் உருக்கிக்கொண்டு அங்கணத்தின் அருகே உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்கு அப்போதுதான் திரும்ப வந்தது. முதுகலை படிக்கும்போது கல்லூரி நண்பர்களை வீட்டுக்கு அழைத்துவந்த ஒருநாள் அந்தத் தார் நாற்றத்துக்காக நான் அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். “இந்தக் கந்தலை எல்லாம் திணிக்கிறதுக்குப் பதிலா சிமெண்டு வச்சுப் பூசினா என்னப்பா?” என்று கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் மறைந்தது 2016இல். அதன்பின் ஐந்து புரட்டாசிகள். தார் உலர்ந்தது, எலி கடித்தது, பாம்பு வந்தது.

கரிசலின் இயல்பை இன்று அறிவியல் நன்றாக விளக்குகிறது. மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டது. ஏடுகளுக்கிடையே நீர் புகும்போது மண் பருக்கிறது, வெளியேறும்போது ஒடுங்கி வெடிக்கிறது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே, அடியில் குமிழ்போல் அகலும் தூண் அடித்தளத்தை 1950களில் உருவாக்கியது. பருவத்துக்குப் பருவம் மண் அசையும் மேலடுக்கைத் தாண்டி, அசைவு எட்டாத ஆழத்தில் அது காலூன்றுகிறது. பெரிய கட்டடங்களுக்கு அது சரி. அரை அங்குலக் குழாய்க்கு வேட்டிக்கரைதான்.

*

கொத்தனார் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் பேரன் வேலை செய்தான். முதலில் வெடித்த இணைப்பை மாற்றினோம். பிறகு குழாயைச் சுற்றி நான்கங்குல வட்டத்துக்குத் தரையை வெட்டி, அதில் அகலமான பிளாஸ்டிக் குழாய்த்துண்டு ஒன்றை உறைபோல நிறுத்தி, அதன் வெளிப்புறத்தை மட்டும் சிமென்டால் தரையோடு சேர்த்துப் பூசினான். உறைக்கும் இரும்புக் குழாய்க்கும் இடையே விரலளவு வெளி. அதன் அடியில் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரை அடைத்தோம். எலியின் பல் அதில் ஏறாது, துருவும் பிடிக்காது. அம்மா புதிதாக வாங்கி வைத்திருந்த நான்கையும் முகம் சுளிக்காமல் கொடுத்தாள். அதன்மேல் தாரில் முக்கிய கயிறு. மேலே வளைந்துகொடுக்கும் சிலிக்கான் பசை. வெளியே சுவரில் குழாய் நுழைகிற வாய்க்கும் இதே உறை. அதைச் சுற்றிய மண்ணில் உடைந்த கண்ணாடிச் சில்லு.

கடைசியில் நான் சிகாகோ வளையத்தைத் தாளில் வரைந்துகாட்டினேன். சங்கரன்கோவிலில் ஒரு பட்டறையில் பித்தளைத் தகட்டில் இரண்டு அரைவட்டங்கள் வெட்டிக் கீல் வைத்துத் தந்தார்கள். அண்ணாச்சி அதை வாங்கித் தடவிப் பார்த்தார். “மூடணும், ஆனா பிடிக்கக்கூடாது. இதைக் கண்டுபிடிச்சவன் கரிசக்காட்டுக்காரனாத்தான் இருக்கணும்” என்றார்.

நெடுநல்வாடையில் அரண்மனைக் கதவை வருணிக்கும் இடத்தில், கைதேர்ந்த தச்சன் முடுக்கிச் செய்ததால் இடுக்கே இல்லாமல் போனதைச் சொல்ல நக்கீரர் கையாளும் சொல் புரை. புரை என்றால் துளை. புரை என்றால் குற்றம். வாய்மையைப் பேசும் வள்ளுவர் இரண்டாம் பொருளில் ஆள்கிறார். கண்ணில் விழுந்தாலும் புரை, புண் உள்ளே குடைந்தாலும் புரையோடியது. இடைவெளியும் குறையும் ஒரே சொல்லாக இருப்பதை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஒரு நயமாகச் சொல்லிவந்திருக்கிறேன். மரக்கதவில் அது சரியாக இருக்கலாம். இப்போது அந்தப் பகுதிக்கு வரும்போது சற்றுத் தயங்குகிறேன். எல்லாப் புரையும் குற்றமில்லை என்று சேர்த்துச் சொல்கிறேன். மண்ணும் இரும்பும் தத்தம் இயல்புக்கு அசைய இடம்விட்ட புரை ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்டதால் விழுந்த புரை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் முதலாவது அப்பாவுடையது. இரண்டாவது என்னுடையது.

அம்மாவை அழைத்துக்கொண்டு போகும் பேச்சை நான் பிறகு எடுக்கவில்லை. கொஞ்சம் மல்லுக்கட்டி அவளைக் கட்டிலில் படுக்கச் சம்மதிக்க வைத்தேன், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிட்டு. அடுத்த ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய் வெள்ளித்தகட்டை உண்டியலில் போட்டாள். எனக்கும் கொஞ்சம் புற்றுமண் பூசிவிட்டாள்.

ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். பித்தளை வளையத்தைத் திறந்து, பசை எங்காவது விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். கயிறு உலர்ந்திருந்தால் தார் உருக்குவேன். சென்ற முறை என் மகனும் வந்திருந்தான். கல்லூரியில் முதலாண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னப்பா இந்த நாத்தம்? எபாக்ஸி வச்சு ஒரேயடியா மூடிரலாமே” என்றான்.

அம்மா அடுப்பின் முன்னால் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஐயா, கிட்ட வந்து உக்காரு. அப்பா எப்படிச் செய்யுதான்னு பாரு” என்றாள் அவனிடம்.

வந்து உட்கார்ந்தான். என் பழைய வேட்டியின் கரையைக் கிழித்து அவன் கையில் கொடுத்தேன்.